மகளுக்கு ஒரு ஸ்கூட்டர்: 50ஆ, 125ஆ, பற்றரியா?



இந்தக் கிழமை எபிசோட்டில் லித்தியம் பற்றரிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, வாய்தவறி ஒரு வசனம் சொல்லிவிட்டேன்: "எங்கட வீட்டு வாசலிலயும் இப்ப ஒரு எல் பிளேட் நிக்குது." பிறகு வந்த மடல்களில் பற்றரி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எல்லாம் எல் பிளேட் பற்றித்தான். "என்ன வாங்கினீங்கள்?", "எவ்வளவு முடிஞ்சது?", "மனுசி ஓம் எண்டவவோ?" மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் அனுபவசாலி.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியாது. அதனால் முழுக்கதையையும் இங்கேயே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது லண்டன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 16 வயதிலேயே ஏ1 லைசென்ஸ் எடுக்கலாம், ஒன்ராறியோவில் எம்1 16 வயதில் தொடங்குகிறது. சட்டத்தை உங்கள் ஊரில் பாருங்கள். மற்ற யோசனைகள் எங்கேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எப்படித் தொடங்கியது

மகளுக்கு 17 வயது. சனி, ஞாயிறுகளில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து ஏழு மைல். காலை ஐந்தரைக்கு நிற்கவேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பஸ் மாறிப் போனால் ஆறேகாலுக்குத்தான் போய்ச் சேரலாம். நான் இரவு வேலை செய்பவன். வெள்ளி, சனி இரவுகளில் வீட்டிலேயே இல்லை. மனுசி கார் ஓடுவதில்லை. இரண்டு மாதம் ஒரு நண்பரின் தயவில் போனாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அப்பா, நான் ஒரு ஸ்கூட்டர் எடுக்கப் போறன்."

மனுசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் சோற்றைப் பார்த்தேன்.

எனக்குப் பயம் வரக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் ஓடப் பழகியது சித்தப்பாவின் ஹொண்டா எம்டி 90. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். புகை கக்கிக்கொண்டு ஓடும். ஹெல்மெட் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. என்னோடு படித்த ஒருவன் ஒரு சந்தியில், திரும்பிய லொறி ஒன்றுக்குள் போய் விழுந்தான்; எழும்பவில்லை. அவனுக்கும் அப்போது 17 வயது. மகள் வயதைச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம்தான் வந்தது.

பயம் வெறும் பழைய ஞாபகமும் அல்ல. பிரித்தானிய வீதிப் போக்குவரத்தில் மோட்டச் சைக்கிள்களின் பங்கு நூற்றுக்கு ஒன்று அளவுதான். வீதி மரணங்களில் அவர்களின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இதை அவளுக்கும் சொன்னேன். "ஓம் அப்பா, அதை நான் ஏற்கெனவே வாசிச்சிட்டன்" என்றாள். அப்போதுதான் விளங்கியது, "வேண்டாம்" என்று சொல்லி இதை முடிக்க முடியாது. ஒழுங்காகச் செய்யத்தான் முடியும்.

முதலில் சட்டம், சுருக்கமாக

இங்கே 16 வயதில் மொபெட் ஓடலாம்: 50 சிசி வரை, அல்லது அதற்குச் சமமான மின் ஸ்கூட்டர், உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர், அதாவது 28 மைல். 17 வயதில் 125 சிசி வரை, 11 கிலோவாற் வரை. இரண்டுக்கும் முதலில் புரொவிஷனல் லைசென்ஸ் வேண்டும் (இணையத்தில் 34 பவுண்). பிறகு சிபிடி எனப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சி. 1990 முதல் நடைமுறையில் இருப்பது. ஒரு நாள் பயிற்சி: கண் பார்வை, மைதானத்தில் ஓட்டம், கடைசியில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் உண்மையான வீதியில். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதன்பின் எல் பிளேட்டோடு ஓடலாம். மோட்டர்வேயில் ஏறக்கூடாது, பின்னால் ஆளை ஏற்றக்கூடாது.

நாங்கள் செய்யப் பார்த்த முதல் பிழை: ஸ்கூட்டரை வாங்கிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம் என்று நினைத்தது. மாறிச் செய்யுங்கள். பயிற்சிப் பள்ளிகளே அன்றைக்கு ஓட வண்டி தரும். ஒரு நாள் முழுக்க ஓடிப் பார்த்த பிள்ளைக்குத்தான் தனக்கு எது சரிவரும் என்று தெரியும். ஓடிப் பார்த்துவிட்டு "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

50ஆ, 125ஆ?

என் மனதில் இருந்தது 50 சிசி. மெதுவாகப் போகும், ஆகவே பாதுகாப்பு. எந்தத் தகப்பனும் இப்படித்தான் யோசிப்பான்.

பிறகு அவள் போகும் ஏழு மைலையும் ஒரு ஞாயிறு காலை காரில் ஓடிப் பார்த்தேன். அதில் இரண்டரை மைல் 40 மைல் வேக எல்லை உள்ள இரட்டைப் பாதை. வேணுமென்றே 28 மைலில் போனேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு வான் என் டிக்கிக்குள் இருக்கிறது. அடுத்தவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுவதுபோல் முந்துகிறான். நான் காருக்குள் இருக்கிறேன். அவள் வெளியே இருப்பாள். அந்த இரண்டரை மைலோடு 50 சிசி ஆசை முடிந்தது. வாகன ஓட்டத்தோடு சேர்ந்து போக முடியாத வண்டி, மெதுவாகப் போகிறது என்பதற்காகப் பாதுகாப்பானது ஆகிவிடாது. முழுப் பாதையும் 20, 30 மைல் தெருக்களாக இருந்தால் 50 போதும். ஆகவே பாதையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

50 சிசி பற்றி இன்னொன்று. அந்த 28 மைல் எல்லை பெரும்பாலும் செயற்கையாகப் போட்டது. ஸ்கூட்டரில் கியர் கிடையாது. ஒரு பெல்ட்டும் இரண்டு கப்பியும்தான். என்ஜின் வேகம் கூடக்கூட, முன் கப்பிக்குள் இருக்கும் சின்ன உருளைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, கப்பியின் இரு பக்கங்களையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். விகிதம் தானாக மாறும். அங்கே ஒரு வளையத்தைப் போட்டால் கப்பி முழுதாக நெருங்காது; வேகம் மட்டுப்படும். சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாடும் இருக்கும். இதைக் கழற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். கழற்றிய நிமிடமே அது சட்டப்படி மொபெட் இல்லை. 16 வயதுப் பிள்ளைக்கு அதை ஓட உரிமையும் இல்லை, இன்சூரன்ஸும் செல்லாது. வீட்டில் 16 வயதுப் பெடியன் இருந்தால் இதை முன்கூட்டியே இருத்தி வைத்துச் சொல்லிவிடுங்கள்.

கியரா, ஓட்டோவா?

அவளுடைய அறைச் சுவரில் ஒட்டியிருந்தது யமஹா ஆர்125 படம். நல்ல சாமான்தான், சட்டம் அனுமதிக்கும் 11 கிலோவாற் முழுவதும் உண்டு. ஆனால் இருக்கை உயரம் 820 மில்லிமீற்றர். மகள் உயரம் 155 சென்ரிமீற்றர். கடையில் ஏறி இருந்தாள். இரண்டு பெருவிரல் நுனிதான் நிலத்தில் பட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே இறங்கினாள். இன்சூரன்ஸ் விலை கேட்டபோது ஸ்கூட்டரைப்போல் மூன்று மடங்கு சொன்னார்கள். படம் சுவரிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கியரா ஓட்டோவா என்பதில் என் எண்ணம் இது: ஓடப் பழகும் முதல் வருடத்தில் மூளைக்கு ஏற்கெனவே வேலை அதிகம். கிளச்சை மறந்து என்ஜின் நிற்பது சந்தி நடுவில்தான் நடக்கும். ஸ்கூட்டர் அந்த ஒரு வேலையைக் குறைக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முழு லைசென்ஸ் சோதனையை ஓட்டோவில் செய்தால், கிடைக்கும் லைசென்ஸும் ஓட்டோவுக்கு மட்டும்தான். பெரிய மோட்டச் சைக்கிள் ஓடும் ஆசை உள்ள பிள்ளை என்றால் கியரில் பழகுவது நல்லது. அப்படியானவர்களுக்கு ஹொண்டா சிபி125எஃப் போன்ற எளிய வண்டி இருக்கிறது: 117 கிலோ, 790 மில்லிமீற்றர்.

ஏறி இருந்து பார்ப்பது போதாது

கடைசியில் இரண்டு ஸ்கூட்டர் மிஞ்சின. ஒன்று ஹொண்டா பிசிஎக்ஸ்125: 764 மில்லிமீற்றர், 130 கிலோ. மற்றது ஹொண்டா விஷன் 110: 785 மில்லிமீற்றர், 100 கிலோ.

எண்ணைப் பார்த்தால் உயரம் குறைந்த முதலாவதுதான் அவளுக்குச் சரி. ஏறி இருந்தால் அப்படி இல்லை. பிசிஎக்ஸ் இருக்கை அகலம். கால் வெளியே விரிந்துதான் நிலத்தைத் தொடும். விஷன் ஒடுக்கம், 21 மில்லிமீற்றர் உயரமாக இருந்தும் கால் கிட்டத்தட்ட அதேயளவு பட்டது. அதனால் இருக்கை உயரத்தோடு அகலத்தையும் பாருங்கள்.

பிறகு கடைக்காரரிடம் கேட்டு இன்னொன்று செய்தோம். என்ஜினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று, பின்னுக்குத் தள்ளி, வளைத்து நிறுத்து என்றேன். நடு ஸ்டாண்டில் ஏற்று என்றேன். 130 கிலோவை அவளால் தள்ள முடிந்தது; ஆனால் சரிவில் ஒரு கட்டத்தில் அது அவளைத் தள்ளியது. 100 கிலோவை அவள் சைக்கிள் மாதிரிக் கையாண்டாள். பழகும் பிள்ளைகள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நிற்கும்போதும் திருப்பும்போதும்தான்.

இதில் நான் விட்டுக்கொடுத்த ஒன்று உண்டு. 2017 முதல் இங்கே விற்கும் புதிய மோட்டச் சைக்கிள்களில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 50 சிசிக்கு இரண்டும் கட்டாயமில்லை. ஏபிஎஸ் சில்லு இறுகி வழுக்குவதைத் தடுக்கும். சிபிஎஸ் ஒரு பிடியை அழுத்தினால் இரண்டு சில்லுக்கும் பிரேக்கைப் பகிரும், வழுக்குவதைத் தடுக்காது. பிசிஎக்ஸில் முன் சில்லுக்கு ஏபிஎஸ் உண்டு. விஷனில் சிபிஎஸ் மட்டும். எனக்கு ஏபிஎஸ் வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கையாள முடியாத எடையில் இருக்கும் ஏபிஎஸ்ஸைவிட, கையாளக்கூடிய எடை முக்கியம் என்று பட்டது. உயரமான, பலமான பிள்ளை என்றால் நான் மற்றதைத்தான் எடுத்திருப்பேன். விஷனின் முன் சில்லு 16 அங்குலம் என்பதும் ஒரு காரணம். எங்கள் தெருக் குழிகளுக்குப் பெரிய சில்லு நல்லது.

பற்றரி?

தொழில்நுட்பப் பொட்காஸ்ட் செய்பவன் பெற்றோல் வாங்கினால் என்ன மரியாதை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம். மண்ணெண்ணெயில் ஓடினவனுக்கு, சுவரில் செருகி ஓடலாம் என்பது கனவு மாதிரி. தினம் 14 மைல் எந்த மின் ஸ்கூட்டருக்கும் பெரிய வேலை இல்லை; குளிர்காலத்தில் தூரம் குறையும், அப்போதும் போதும்.

தடை எங்கள் வீடு. இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, கீழே செருகி இல்லை. நாங்கள் பார்த்த வண்டியின் பற்றரி பத்துக் கிலோவுக்கு மேல், அப்படி இரண்டு. மகள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவதாக நடித்துப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். கராஜோ வாசலில் செருகியோ உள்ளவர்கள் மின் வண்டியைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் வண்டிக்கென்று தந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். வெளியேறும் வாசலை மறித்துச் சார்ஜ் போடாதீர்கள்.

மலிவு என்று வந்தவை

தெரிந்த ஒருவர் 600 பவுணுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கு என்றார். "புதுசு மாதிரி, அண்ணை." பதிவு இலக்கத்தைக் கேட்டு, எம்ஓடி வரலாற்றை இணையத்தில் பார்த்தேன், இது இலவசம், யாரும் பார்க்கலாம். பழசு என்பது ஒரு பக்கம். மறுபக்கம் யூலெஸ். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள். மோட்டச் சைக்கிள்களுக்கு யூரோ 3 தரம் வேண்டும். பொதுவாக 2007 ஜூலைக்குப் பின் பதிந்தவை தப்பும். இது தப்பாது. ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். வாரம் இரண்டு நாள் என்றாலும் வருடத்துக்கு 1,300. 600 பவுண் ஸ்கூட்டரின் உண்மை விலை அது.

கடைசியில் மூன்று வருடம் ஓடிய விஷன் ஒன்றை ஒரு கடையில் எடுத்தோம். வி5சி புத்தகத்திலுள்ள சட்ட இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று பார்த்தோம். லண்டனில் ஸ்கூட்டர் களவு சாதாரணம். தடித்த சங்கிலி, டிஸ்க் பூட்டு இரண்டையும் அன்றே வாங்கினோம்.

அடுத்தது நான் வெட்கப்படும் கதை. இன்சூரன்ஸ். 17 வயதுப் பிள்ளை பெயரில் 1,100 பவுண் காட்டியது. "உங்கட பேரில போடுங்கோ, பிள்ளையை ரெண்டாவது ஆளாச் சேருங்கோ. எல்லாரும் செய்யுறதுதானே" என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் படிவத்தைத் திறந்து, "பிரதான ஓட்டுநர்" என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டேன். பின்னால் நின்று மகள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்பா, நீங்களோ ஓடப்போறீங்கள்?"

"இல்லை பிள்ளை, இது சும்மா..."

"அப்ப அது பொய்தானே?"

பொய்தான். சட்டத்தில் அது மோசடி. விபத்து நடந்தால் பணம் தர மறுக்கலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியதாகக் கொண்டால் 300 பவுண் தண்டமும் ஆறு புள்ளியும், அதுவும் அவள் பெயரில். நான் மிச்சம்பிடிக்கப் பார்த்த சில நூறு பவுணுக்காக அவளுடைய லைசென்ஸைத்தான் பந்தயம் வைத்திருந்தேன். அழித்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். பாதியை அவள் கட்டுகிறாள்.

இன்னொரு எச்சரிக்கை: சாப்பாடு டெலிவரி செய்யப் போகும் பிள்ளைகளுக்கு வேலைக்குப் போய்வரும் சாதாரண இன்சூரன்ஸ் செல்லாது. அதற்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும்.

உடுப்புக்குக் காசை முதலில் ஒதுக்குங்கள்

ஸ்கூட்டர் விலையைப் பார்த்துவிட்டு மிஞ்சினதில் ஹெல்மெட் வாங்காதீர்கள். ஹெல்மெட், கையுறை, ஜக்கற், கணுக்காலை மூடும் சப்பாத்து, இவற்றுக்கு முதலில் காசை எடுத்து வையுங்கள். ஹெல்மெட்டுக்கு இங்கே அரசின் ஷார்ப் நட்சத்திரங்கள் இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். கட்டாயம் போட்டுப் பார்த்து வாங்குங்கள், ஒருபோதும் பாவித்ததை வாங்காதீர்கள். உள்ளே உடைந்தது வெளியே தெரியாது. ஜக்கற்றில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று தரம் எழுதியிருக்கும். ஏ கூடினால் உரசலைக் கூடத் தாங்கும்.

பயிற்சி நாள்

முதல் தடவை அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. சிபிடியில் சித்தி, தோல்வி என்று இல்லை. இன்னும் பயிற்சி தேவை என்றால் திரும்ப வரச் சொல்வார்கள். திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் பின்னே பார்க்கும் கடைசிப் பார்வை, இங்கே அதை "லைஃப்சேவர்" என்பார்கள். அதை அவள் மூன்று முறை மறந்தாளாம். கண் சிவந்து வந்தாள். மனுசி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. எங்கள் இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. அதை அவள் கண்டுவிட்டாள். அன்றிரவு எங்களோடு கதைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கச்சி ஒரு ரீச்சர். பல வருடமாக ஸ்கூட்டி பெப்பில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறா. அங்கே அது பெம்பிளைகளின் வண்டி என்றே ஆகிவிட்டது. மகள் மாமிக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். அடுத்த நாள் எனக்கு வந்தது அழைப்பு.

"அண்ணா, நீங்கள் மண்ணெண்ணெயில, ஹெல்மெட் இல்லாமல் ஓடினனீங்கள். ஒருத்தரும் உங்களுக்குப் பின்னால பார் எண்டு சொல்லித் தரேல்லை. அவளுக்குச் சொல்லித் தாறாங்கள். திருப்பி அனுப்பினது நல்லதுக்குத்தானே. இன்னொருக்கா அனுப்பி விடுங்கோ."

அது சரிதான். என் நண்பனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. இரண்டு கிழமை கழித்து அவளை நானே கொண்டுபோய் விட்டேன். அன்று சான்றிதழோடு வந்தாள்.

முதல் ஞாயிறு

காலை 4.50. நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அவள் புறப்பட்டு ஒரு நிமிடம் விட்டு, சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நல்ல தூரம் விட்டுத்தான். இரட்டைப் பாதையில் 40இல் போனாள், ஒருவரும் உரசவில்லை. பேக்கரித் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் சிக்னல் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள், பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

பத்து நிமிடத்தில் போனில் ஒரு வரி: "அப்பா, இனிப் பின்னால வராதேங்கோ. பாத்திட்டன்."

அடுத்த கிழமை முதல் போவதில்லை. ஐந்தரைக்கு "வந்திட்டன்" என்ற செய்தி வரும்வரை வேலையிடத்தில் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு வருடம் முடிய முதல் முழு லைசென்ஸ் எடுத்து எல் பிளேட்டைக் கழற்றவேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எந்த நாடு, எந்த வண்டி என்று எழுதுங்கள். அடுத்த எபிசோட்டில் பற்றரிக்குத் திரும்புவோம். பத்திரமாக ஓடுங்கள்.